வலிக்குமோ என்ற வலி

நெல் குதிருக்கு அடியில் பாம்பு ஓடினால், துடைப்பக்கட்டையோடு துரத்திப் போகிற பெண்மணிகள் நம் தஞ்சாவூர் ஜில்லாவில் உண்டு. முந்நூறு இலை விழுகிற கல்யாணத்தைத் தனியாக நின்று நடத்திவிட்டு, மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவர்கள் உண்டு. மூன்று பிள்ளைகளைப் பெற்றுவிட்டு, "அதெல்லாம் ஒரு வலியா?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரிடம் போய், "பல் டாக்டர் உங்களுக்கு ரூட் கெனால் செய்ய வேண்டும் என்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் வெளிறிவிடும்.

"இப்போது என்ன அவசரம்? குறுவை நடவு முடியட்டும்" என்பார்கள். நடவு முடிந்தால் ஆடிப்பெருக்கு வரும். ஆடிப்பெருக்கு போனால் நவராத்திரிக் கொலு, அதன்பின் தீபாவளி, சம்பா அறுப்பு, பொங்கல், கும்பகோணத்தில் மாசி மகம், கடைசியில் பெண்ணுக்குப் பரீட்சை. டவுனில் இருக்கிறவர்களுக்கு வயல் இல்லாவிட்டால் என்ன? சாக்கு மட்டும் குறைவில்லாமல் விளைகிறது! இத்தனை நாளும் கடைவாயில் ஒரு கிராம்பு ஒதுங்கியிருக்கும். சாப்பாடு ஒரு பக்கமாகவே நடக்கும்.

"என்னம்மா, கன்னம் ஒரு மாதிரி இருக்கிறதே?" என்று மாமியார் கேட்டால், "ஒன்றுமில்லை அத்தை, ராத்திரி தூக்கமில்லை" என்று பதில் வரும். தூக்கமில்லாததற்குக் காரணம் என்ன என்று அத்தையும் கேட்பதில்லை. அவர் வாயிலும் ஒரு கிராம்பு இருக்கக் கூடும்.

இந்தப் பயத்தைக் கேலி செய்ய எனக்கு எண்ணமில்லை. பயத்துக்கு நியாயமான காரணங்கள் உண்டு, சரித்திரமே உண்டு. ஆனால் பயப்படுகிற இடத்தை நாம் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். அதைச் சொல்லத்தான் இந்த வாரப் பக்கம்.

முதலில், அந்தப் பல்லுக்குள் என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம்.

பல் வெளியே கல்லைப் போல இருந்தாலும் உள்ளே உயிருள்ள பொருள். நடுவில் ஒரு சிறு அறை. அதிலிருந்து வேர்களின் நுனி வரைக்கும் மெல்லிய குழாய்கள். அறையிலும் குழாய்களிலும் மிருதுவான சதை, நரம்பு, ரத்தக் குழாய்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அரிசி மணி அளவு. அவ்வளவுதான்! அந்த ஓர் அரிசி மணிதான் ஒரு குடும்பத்தையே நடுராத்திரியில் எழுப்பி உட்கார வைத்துவிடுகிறது.

காரணம் எளிது. கையில் ஒரு கொப்புளம் வந்தால் தோல் விரிந்து இடம் கொடுக்கிறது. பல்லுக்குள் வீக்கம் வந்தால் இடம் ஏது? சுற்றிலும் கல் சுவர். மூடியை இறுக அமுக்கிவிட்டு உலை கொதிக்க வைத்தால் பானை என்ன பாடுபடும், அந்தப் பாடுதான். பகலில் எப்படியோ வேலை மும்முரத்தில் மறந்திருப்பீர்கள். இரவு படுத்தவுடன் தலைப்பக்கம் ரத்த ஓட்டத்தின் அழுத்தம் கூடும். பல் 'விண் விண்' என்று தெறிக்க ஆரம்பிக்கும். வலிக்கிற பல் எது என்றுகூடச் சில சமயம் தெரியாது. கீழ்ப் பல்லில் கோளாறு இருக்க, மேல் பல் வலிப்பதாகவோ காது குத்துவதாகவோ தோன்றும்.

இதற்கு அடுத்த கட்டம்தான் மிகவும் ஏமாற்றுகிறது. ஒரு வாரம் வலித்த பல் திடீரென்று ஒரு நாள் காலையில் சும்மா இருக்கும். "வைத்தீஸ்வரன் கோயிலுக்கு முடிந்து வைத்தேன், பாருங்கள், நின்றுவிட்டது!" என்று சந்தோஷப்படுவோம். ஸ்வாமி மேல் எனக்கும் பக்தி உண்டு. ஆனால் பல் வலி தானாக நின்றது என்றால், பெரும்பாலும் உள்ளேயிருந்த உயிர்ச் சதை இறந்துவிட்டது என்றுதான் பொருள். வலியை அறிவிக்க நரம்பு இல்லை. கிருமி மட்டும் இருக்கிறது. அது வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து ஈறில் சீழ்க்கட்டி. சில பேருக்குக் கன்னம் தாடை எல்லாம் வீக்கம். வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, வாயைத் திறக்கவும் விழுங்கவும் மூச்சுவிடவும் சிரமமாக இருந்தாலோ, அது பல் டாக்டரிடம் நாளைக்குப் போகிற விஷயமல்ல; அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அபாயம். ஒரு சொத்தைப் பல் உயிருக்கே உலை வைக்கக் கூடும் என்பது மிகையல்ல.

ஆக, கணக்குப் பார்த்தால் வலியில் பெரும் பகுதி நாற்காலியில் ஏறும் முன்பே வந்து முடிந்துவிடுகிறது. ரூட் கெனால் என்பது அந்த அரிசி மணிச் சதையை எடுத்துவிட்டு, குழாய்களைச் சுத்தம் செய்து, அடைத்து மூடுவது. வலியைக் கொடுக்கிற காரியமல்ல. வலியின் ஊற்றை எடுக்கிற காரியம். பெயரில் 'வேர்' என்று இருப்பதால் ஏதோ மரத்தை வேரோடு கல்லுகிற மாதிரி நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் வேரைப் பிடுங்காமல் காப்பாற்றுவதற்காகவே செய்வது அது.

அப்படியானால் இத்தனை பயம் எங்கேயிருந்து வந்தது?

பழைய காலத்திலிருந்து வந்தது. சந்தையில் குறடு வைத்துக்கொண்டு பல் பிடுங்கினவர்கள், திண்ணையில் உட்கார வைத்து நூல் கட்டி இழுத்த தாத்தாக்கள், இவர்களெல்லாம் நம் குடும்பக் கதைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பல் சொத்தைக்குக் காரணம் 'பூச்சி' என்று நாம் இன்றும் சொல்கிறோம். கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தால் பூச்சி கொட்டிவிடும் என்று கிராமத்தில் சொல்வார்கள். இது நமக்கு மட்டும் சொந்தமான நம்பிக்கை அல்ல. ஐரோப்பாவிலும் வேறொரு செடியின் விதையைப் புகைத்து, சூட்டில் வெடித்த விதையின் முளையைப் 'பூச்சி' என்று காட்டிக் காசு வாங்கியிருக்கிறார்கள்! பிரான்ஸ் தேசத்துப் பியர் ஃபோஷார் என்பவர் 1728-ல் பல் வைத்தியத்துக்கென்றே பெரிய நூல் எழுதினார். சொத்தைப் பல்லைப் பூதக்கண்ணாடியில் தேடியும் தாம் எந்தப் பூச்சியையும் காணவில்லை என்று அதில் சொல்லியிருக்கிறார்.

மரத்துப்போகச் செய்யும் மருந்து இல்லாத காலத்தில் வைத்தியம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நாம் பிரான்ஸ் வரை போக வேண்டியதில்லை. தஞ்சாவூர் அரண்மனைக்குள்ளேயே அத்தாட்சி இருக்கிறது. 1798 முதல் 1832 வரை தஞ்சையில் அரசராக இருந்த இரண்டாம் சரபோஜிக்கு வைத்தியத்தில் அபார ஈடுபாடு. தன்வந்தரி மஹால் என்று வைத்தியசாலை வைத்து, நம் நாட்டு முறைகளையும் மேல்நாட்டு முறையையும் சேர்த்து ஆராயச் செய்தார். கண் நோயாளிகள் 40 பேருக்கு மேல் அவர் காலத்தில் சிகிச்சை பெற்ற விவரங்கள், கண்களின் சித்திரங்களோடு, சரஸ்வதி மஹால் நூல் நிலையத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அந்தக் காலத்துக் கண்புரை வைத்தியம் என்றால் கண்ணுக்குள் ஊசியைச் செலுத்துவது. நோயாளி விழித்துக்கொண்டிருக்க, மரப்பு மருந்து ஏதும் இல்லாமல்! அந்த மனிதர்கள் எதை நம்பி அங்கே போய் உட்கார்ந்தார்கள் என்று நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஒன்று தெரிகிறது, குருடாகிப் போவதைவிட அந்த வலி மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

சரபோஜி காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1844-ல் அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், சிரிப்பு வாயுவை முகர்ந்துகொண்டு தம்முடைய பல்லையே பிடுங்கச் செய்து பார்த்தார். 1846-ல் வில்லியம் மார்ட்டன் என்ற இன்னொரு பல் டாக்டர் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஈதர் கொடுத்து, நோயாளிக்கு வலியில்லாமல் ஆபரேஷன் நடப்பதை எல்லாரும் பார்க்கச் செய்தார். கவனித்தீர்களா? உலகத்துக்கு மயக்க மருந்தைக் காட்டிக் கொடுத்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் பல் டாக்டர்கள். வலியைக் கண்டு மிகவும் வெறுத்தவர்களும் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். தினமும் அலறல் கேட்டவர்கள் அல்லவா?

மயங்காமல், இடத்தை மட்டும் மரக்கச் செய்கிற வித்தை கண்ணிலிருந்துதான் பல்லுக்கு வந்தது. 1884-ல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் டாக்டர், கொக்கேன் கரைசலைத் தம் கண்ணிலேயே விட்டுச் சோதித்தார், தொட்டால் தெரியவில்லை. செய்தி பரவிய சில மாதங்களுக்குள் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன், தாடை நரம்புக்குப் பக்கத்தில் அதே மருந்தை ஊசி மூலம் செலுத்திப் பற்களை மரக்கச் செய்தார். கொக்கேன் பொல்லாத மருந்து, பழகினால் விடாது. அதனால் மாற்று தேடினார்கள். 1905-ல் நோவோகெயின் புழக்கத்துக்கு வந்தது. 1943-ல் ஸ்வீடன் தேசத்தில் நில்ஸ் லோஃப்கிரேன் என்ற ரசாயன நிபுணர் லிக்னோகெயினைத் தயாரித்தார். இன்று கும்பகோணத்திலானாலும் மன்னார்குடியிலானாலும் உங்கள் ஈறில் பெரும்பாலும் போடப்படுவது அதுதான். நம் பாட்டிமார் சொல்லும் பயங்கரக் கதைகளில் பல, இந்த மருந்து நம் ஊர்ப் பக்கம் தாராளமாக வந்து சேராத காலத்தவை. கதை மட்டும் கைமாறி வந்துகொண்டே இருக்கிறது.

"பாட்டி கதையை விடுங்கள். போன வருஷம் பக்கத்து வீட்டு அக்காவுக்கு உயிரே போய்விட்டதாம்!" என்று நீங்கள் சொல்வது எனக்குக் காதில் விழுகிறது.

அதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது சற்று வேடிக்கையானது. இங்கிலாந்தில் ஜெரி கென்ட் என்ற மனோதத்துவ நிபுணர் 1985-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். பல் டாக்டரிடம் வந்தவர்களிடம் சிகிச்சைக்கு முன், "எவ்வளவு வலிக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதி வைத்தார். சிகிச்சை முடிந்த கையோடு, "எவ்வளவு வலித்தது?" என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து மறுபடியும், "அன்றைக்கு எவ்வளவு வலித்தது, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார். பயம் அதிகமில்லாதவர்கள் ஏறக்குறைய உள்ளபடி சொன்னார்கள். பயந்த சுபாவம் உள்ளவர்கள் மூன்று மாதம் கழித்துச் சொன்ன வலி, அன்று நாற்காலியில் பட்ட வலியோடு ஒத்துப் போகவில்லை. போவதற்கு முன்னால் எதிர்பார்த்த வலியோடுதான் ஒத்துப் போயிற்று! அதாவது பட்டது மறந்துபோய், பயந்தது ஞாபகமாக நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பொய் சொல்லவில்லை. அவர் மனசு அவருக்கே அப்படிக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம்.

இதற்கு ஒரு சுலபமான பரிகாரம் எனக்குத் தோன்றுகிறது. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே, காலண்டர் தாளின் பின்புறத்தில் "இன்று இவ்வளவு வலித்தது" என்று பத்துக்கு மார்க் போட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை அந்தத் தாளைப் பாருங்கள். நம் ஞாபகத்தைவிடக் காலண்டர் யோக்கியமானது.

இரண்டாவது பதில், அக்காவுக்கு உண்மையாகவே வலித்திருக்கலாம் என்பது. இதை மறைத்துவிட்டு, "துளிக்கூட வலிக்காது" என்று சத்தியம் செய்கிறவர்களை நம்பாதீர்கள். மிகவும் வீங்கிக் கொதித்துக்கொண்டிருக்கும் பல்லில், அதுவும் கீழ்க் கடைவாய்ப் பல்லில், ஒரு ஊசி போட்டால் போதாமல் போவது சகஜம். அழற்சி உள்ள சதையில் அமிலத் தன்மை கூடுகிறது. மருந்து நரம்புக்குள் புகுவது குறைகிறது. நரம்பும் வழக்கத்தைவிட மிகையாகச் சிலிர்த்துக்கொண்டிருக்கிறது. உதடு கட்டையாக மரத்திருக்கும். பல் மட்டும் மரக்காது. இது டாக்டரின் திறமைக் குறைவு என்று சொல்ல முடியாது. உங்கள் கோழைத்தனமும் அல்ல.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. பல்லுக்கும் எலும்புக்கும் இடையே உள்ள சந்தில் இன்னொரு ஊசி போடலாம். எலும்புக்குள்ளேயே போடலாம். திறந்த பிறகு பல்லின் உள்ளே நேராகவும் போடலாம். அது ஒரு கணம் சுருக்கென்று குத்தும், பிறகு நிசப்தம். இன்றைக்கு மருந்து வைத்து மூடி, கொதிப்பு அடங்கிய பின் வரச் சொல்லலாம். சிலருக்கு முன்கூட்டியே வீக்கம் குறைக்கும் மாத்திரை ஒன்று விழுங்கச் சொல்வதும் உண்டு. அது வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது என்பதால் டாக்டர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. இத்தனை வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒன்றுகூட நடக்க வேண்டுமானால், வலிக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

இங்கேதான் நம் பெண்களோடு எனக்குச் சண்டை. நாற்காலியில் ஏறுவதற்கு ஒரு வருஷம் பயந்து தள்ளிப் போடுகிறவர்கள், ஏறி உட்கார்ந்த பிறகு வாயே திறப்பதில்லை! பல் டாக்டரிடம் வாய் திறக்காமல் எப்படி என்று கேட்காதீர்கள். வாய் திறந்திருக்கும், வார்த்தை வராது. கண்ணோரம் நீர் வழியும், கை நாற்காலியை நெரிக்கும், "வலிக்கிறதா அம்மா?" என்றால் தலை இல்லை என்று ஆடும். பொறுத்துக்கொள்வதுதான் பெண்ணுக்கு அழகு என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்த்த பலன் இது. அன்று வாய் திறவாமல் பொறுத்த வலி அடுத்த முறை இரட்டைப் பயமாகத் திரும்பி வருகிறது. அதோடு போனாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம், மருமகளிடம், வாசலில் பூ விற்கிறவளிடம் சொல்லப்படுகிறது. இப்படி ஒரு தலைமுறைப் பயம் அடுத்த தலைமுறைக்குச் சீதனமாகப் போகிறது.

ஆகையால் உட்கார்ந்தவுடன், டாக்டர் கருவியைக் கையில் எடுக்கும் முன், மூன்று வாக்கியம் சொல்லுங்கள். "டாக்டர், எனக்குப் பயம் அதிகம். வலித்தால் இடது கையைத் தூக்குவேன். தூக்கினால் நிறுத்திவிடுங்கள்." இடது கை எதற்கு என்றால், பெரும்பாலும் டாக்டர் வலது பக்கம் இருப்பார், கருவியில் கை பட்டுவிடக் கூடாது. ஒரு முறை வலியில்லாமலேகூடத் தூக்கிப் பாருங்கள். நிறுத்துகிறார் என்று தெரிந்தவுடன் பாதிப் பயம் கழன்றுவிடும். நிறுத்துகிற அதிகாரம் நம்மிடம் இருக்கிறது என்ற தைரியமே ஒரு மருந்து. நிறுத்தாமல், "இதோ ஆச்சு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று தொடர்கிறவராக இருந்தால், அடுத்த தடவைக்கு வேறு டாக்டரைப் பார்க்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

இனி, உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. தெரியாத சத்தம்தான் அதிகம் பயமுறுத்துகிறது.

ஊசி போடும் முன் ஈறில் களிம்போ மருந்துத் தூவலோ தடவச் சொல்லிக் கேட்கலாம். ஊசி மருந்தை மெதுவாகச் செலுத்தினால் எரிச்சல் குறைவு, அதையும் கேட்கலாம். மருந்தோடு பெரும்பாலும் அட்ரினலின் சிறிது கலந்திருக்கும், மரப்பு நீடிப்பதற்காக. அதனால் சிலருக்கு ஓரிரு நிமிஷம் நெஞ்சு படபடக்கும். "எனக்கு ஊசி ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தப் படபடப்பைத்தான். இருதய நோய் இருந்தால் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும்.

பிறகு மெல்லிய ரப்பர் திரை ஒன்றை விரித்து, நோயுற்ற பல் மட்டும் வெளியே தெரியும்படி மாட்டுவார்கள். கருவியோ மருந்தோ தொண்டைக்குள் போகாமலிருக்க அது காவல். 1864-ல் கண்டுபிடித்த பழைய சங்கதி. ஆனால் எல்லாரும் உபயோகிப்பதில்லை. உபயோகிக்கிற டாக்டர் கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். பல்லில் துளை போடும்போது மண்டைக்குள் ரைஸ் மில் ஓடுகிற மாதிரி இருக்கும். அது சத்தமும் அதிர்வும்தான், வலி அல்ல. அதிர்வுக்கும் வலிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிந்துகொண்டால் கை தூக்குவதும் சரியாக இருக்கும்.

குழாய்களைச் சுத்தம் செய்யும் கம்பி, நுனியில் தலைமயிர் அளவு மெல்லியது. 1838-ல் எட்வர்ட் மேனார்ட் என்ற அமெரிக்கர் கடிகாரத்தின் சுருள் வில்லை அராவி இந்த மாதிரிக் கம்பியை முதன்முதலாகச் செய்தார் என்பார்கள். முன் பல்லுக்கு வழக்கமாக ஒரு குழாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று. மேல் கடைவாய்ப் பல்லில் நாலாவது ஒன்றும் ஒளிந்திருக்கும். அதனால்தான் கடைவாய்ப் பல்லுக்கு நேரமும் அதிகம், செலவும் அதிகம். நடுவில் துணி வெளுக்கும் மருந்தின் வாசனை அடிக்கும். பயப்பட வேண்டாம், கிருமியைக் கொல்ல அந்த இனத்து மருந்தைத்தான் விட்டுக் கழுவுகிறார்கள். கடைசியில் குழாய்களை அடைப்பது கட்டாபெர்ச்சா என்ற மலாய் நாட்டு மரப் பால். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்த பொருள் இது! ஒரே நாளில் முடிவதும் உண்டு. இரண்டு மூன்று தடவை வரச் சொல்வதும் உண்டு.

நாம் வாயில் ஒதுக்கிக்கொள்கிற கிராம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது மூட நம்பிக்கை அல்ல. கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜினால் என்ற சத்தைப் பல் டாக்டர்களும் தற்காலிகமாக அடைக்கும் மருந்தில் துத்தநாகப் பொடியோடு குழைத்து உபயோகிக்கிறார்கள். ஆனால் அது வலியைச் சற்று நேரம் தூங்க வைக்குமே தவிர, உள்ளே அழுகுவதை நிறுத்தாது. எண்ணெயை அப்படியே திரும்பத் திரும்பத் தடவினால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பல் பக்கத்தில் வைத்துக்கொள்வது அதைவிடக் கெடுதல், வாய் புண்ணாகிவிடும். மருந்துக் கடையில் சொல்லி அமாக்ஸிசிலின் வாங்கி விழுங்குவதும் பயனில்லை. இறந்த சதைக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ரத்த வழியாகப் போகிற மருந்து அங்கே எப்படிப் போய்ச் சேரும்? வீக்கமும் ஜுரமும் இருக்கும்போது டாக்டரே எழுதிக் கொடுப்பார்.

சர்க்கரை வியாதி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, ஏதாவது மருந்து ஒவ்வாமை, இவற்றை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகள் பல் வலியோடு பத்து மாதம் கழிக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் நினைப்பதுண்டு. அவசியமில்லை. நாலு முதல் ஆறு மாதம் வரை சிகிச்சைக்குச் சௌகரியமான காலம். அவசரமானால் மற்றச் சமயத்திலும் செய்யலாம். லிக்னோகெயின் மரப்பு ஊசி தாய்க்கும் சிசுவுக்கும் ஆகாதது அல்ல. பால் கொடுக்கும் தாய்மார்களும் அஞ்ச வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் ஒன்று. "சாப்பிடாவிட்டால் பல் டாக்டரிடம் ஊசி போடச் சொல்லிவிடுவேன்" என்று சொல்லாதீர்கள். ஆறு வயதில் விதைத்தால் முப்பது வயதில் கன்னம் வீங்கி அறுவடையாகும்.

போகிற அன்று வயிறார ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள்; முடிந்த பிறகு உதடும் நாக்கும் இரண்டு மூன்று மணி நேரம் கட்டையாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்தவுடன் ஆவி பறக்கும் டிகிரி காபியை எடுத்து உறிஞ்சினால் உதடு வெந்தது அப்புறம்தான் தெரியும். மரப்பு தெளியும் வரை எதையும் மெல்லவும் கூடாது. வெற்றிலை சீவலும் அன்று வேண்டாம். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை எங்கேயும் ஓடிப்போய்விடாது. மரப்பு விட்ட பின் இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலி இருக்கும். டாக்டர் கொடுத்த மாத்திரையில் அடங்கும். அடங்காமல் நாளுக்கு நாள் கூடினாலோ, வீக்கம் வந்தாலோ திரும்பப் போக வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. கடைவாய்ப் பல்லானால் மேலே தொப்பி மாதிரி ஓர் உறை, கிரவுன் என்பார்கள், போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். வலி போய்விட்டது, இனிமேல் எதற்கு இந்தச் செலவு என்று நம்மவர்கள் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். சொத்தையாலும் துளையாலும் பாதி கரைந்துபோன பல், உறையில்லாமல் கடி தாங்காது. என்றாவது ஒரு நாள் நெடுக்காகப் பிளந்துவிடும். அப்புறம் பிடுங்குவது தவிர வழியில்லை. ஆகவே முதல் நாளே உறையையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். உறை போடும் வரை முறுக்கு, கரும்பு, கோகுலாஷ்டமிச் சீடை எல்லாம் மற்றப் பக்கத்துப் பற்களுக்கு.